ஏழாம் நம்பர் முயலின் சைபர் ரத்தம்

நீலசந்திரா, பெங்களூர்
9-8-1998

அன்புத் தம்பி நாகேஷுக்கு,

அக்கா எல்லம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முட்டிவலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. நீயும் வனஜாவும் நலம்தானே? உன் போன ஏரோகிராமில் பாதி படிக்க முடியவில்லை. இடக்கையால் எழுதி எழுதி மையை இழுத்துப் பூசிவிடுகிறாய். அமெரிக்கா போயும் அது மாறவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நீயும் அவனும் ஒரே லேப்ல இருந்தீங்களே, அப்படி இன்னாதான் கண்டுபுடிச்சீங்க?" என்றார். சொன்னேன். மனித உடம்பில் ஒரு புரதம், ஜிங்க் ஃபிங்கர் என்று பெயர். துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக மடிந்திருக்கும், நம்முடையதற்குப் பன்னிரண்டு விரல். அதில் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் ரத்தம் அதை அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த ரத்தத்தின் தெளிவை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சதையில் சோதித்தால், புரதம் இருந்தால் பிலிமில் கறுப்புக் கோடு விழும். அதற்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். வாய்ப்புற்றுக் கட்டியில் கோடு விழுகிறது, நல்ல சதையில் விழவில்லை என்று காட்டித்தான் தம்பி டாக்டர் பட்டம் வாங்கினான் என்றேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பட்டம் முயலுக்குத்தானே குடுக்கணும்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனி நம் ஆன்டிபாடியை பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறதாம். சந்திரசேகரன் சார், தன் லேபின் பெயர் பாட்டிலில் வரப்போகிறது என்று, தரையில் நடப்பதில்லை. அவர்கள் ஒரு தகவல் தாள் கேட்கிறார்கள். அதில், ஊசி போடுவதற்கு முன் எடுத்த ரத்தத்தின் பிலிமும் வேண்டுமாம். நான் சைபர் ரத்தம் என்று சொல்வேனே, அதுதான். ஊசி போடாத முயலுக்கு நம் புரதத்தைத் தெரியாது, அதனால் கோடு விழக்கூடாது. உன் தீசிஸைப் புரட்டினேன், அந்தப் படம் இல்லை. செய்திருப்பாய். எந்த நோட்டில் இருக்கிறது என்று எழுது.

எனக்கு அடுத்த எண்பத்தொன்பது நாள் ஆர்டர் வந்துவிட்டது. பதினோரு வருடமாக எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் வீடு, மறுபடி எண்பத்தொன்பது நாள். தொண்ணூறு ஆனால் பர்மனென்ட் கேட்பேன் என்று பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
எல்லம்மா


கொலம்பஸ், ஒஹையோ
30-8-1998

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவின் முட்டிக்கு ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பெனி விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம். இங்கே என் பாஸிடமும் சொன்னேன். அவர் என்னை எடுத்ததே அந்த ஆன்டிபாடியை நம்பித்தான், தெரியுமல்லவா. இந்த லேபில் எல்லாரும் அதைத்தான் உபயோகிக்கிறார்கள்.

வனஜா ரசத்துக்குப் புளி தேடி இரண்டு கடை ஏறி இறங்குகிறாள். இலையெல்லாம் இப்போதே மஞ்சளாகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.

சைபர் ரத்தம் பற்றிக் கேட்டாய். மூன்று வருடத்துக்கு முந்தைய விஷயம், எந்த நோட்டில் என்ன இருக்கிறதோ. ஆராய்ச்சிப் பேப்பரில் அச்சான படத்தையே கம்பெனிக்குக் கொடுக்கச் சொல். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

பர்மனென்ட் பற்றி சாரிடம் இந்தச் சந்தோஷத்தில் பேசிவிடு.

அன்புடன்,
நாகேஷ்


நீலசந்திரா
20-9-1998

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமே உண்டாகட்டும்.

நோட்டு கிடைக்காவிட்டால் என்ன, ரத்தம் இருக்கிறதே என்று நானே செய்தேன். ஒவ்வொரு முயலுக்கும் முதல் ஊசிக்கு முன் காதிலிருந்து எடுக்கும் ரத்தத்தை நான் தூக்கிப்போடுவதில்லை என்று உனக்குத் தெரியும். ஃப்ரீஸரின் அடித்தட்டில், நம் ஆன்டிபாடி தந்த ஏழாம் நம்பர் முயலின் சைபர் குழாய் ஐந்தும் இருந்தன. ஒன்றில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் வேறொன்றைத் திறந்தேன்.

கோடு விழுந்தது, நாகேஷ். அதே இடத்தில், அதே கறுப்பில்.

இருட்டறையிலிருந்து பிலிமோடு வெளியே வந்தபோது முயல் கூண்டு பார்க்கும் ஓஸ்வால்ட் அண்ணன் அங்கே இருந்தார். என் முகத்தைப் பார்த்து, "இன்னா எல்லு, முயல் கடிச்சிடுச்சா?" என்றார். குழாய் மாறியிருக்கும் என்று மறுநாளும் செய்தேன். சதைச் சாற்றை ஓடவிடுகிற ஜெல் தப்பு என்று மூன்றாம் நாளும் செய்தேன். மூன்று தடவையும் கோடு. நம் புரதத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத முயலின் ரத்தம் அதே கோட்டைப் போடுகிறது. அப்படியென்றால் அந்தக் கோடு நம் புரதம் இல்லை. நாம் ஊசி போட்டதால் வந்த கோடே இல்லை. கோடு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, சின்னப் புரதம் விழுகிற இடத்தில் விழுகிறது என்று நான் அப்போதே சொன்னேன். "சில விரல் கழன்று விழுந்திருக்கும்" என்று சார் சிரித்தார், நீயும் சிரித்தாய்.

சாரிடம் மூன்று பிலிமையும் காட்டினேன். பழைய ரத்தம் கெட்டிருக்கும், அதைக் கொட்டிவிடு என்றார். அதே மூச்சில், தகவல் தாளில் தயாரித்தவர், சோதித்தவர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், கம்பெனி வேலை முடிந்ததும் பர்மனென்ட் ஆர்டர் என்றார். பதினோரு வருடமாகக் கேட்காத காது அன்றைக்குத்தான் திறந்தது.

இதோடு போனால் நான் யோசித்திருப்பேன். ஒரு ஆஸ்பத்திரி டாக்டர் சாருக்கு எழுதியிருக்கிறார். வாயில் கட்டியைச் சுற்றி எவ்வளவு வெட்டுவது என்று இந்தக் கோட்டை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். வேறு எதையோ பார்த்து ஒருத்தரின் தாடையை வெட்டுவார்கள்.

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சோதனையை நீ செய்தாயா, இல்லையா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும். லேப் கம்ப்யூட்டருக்கு அனுப்பாதே, அதைச் சாரும் படிப்பார். கடிதமாகவே போடு.

எல்லம்மா


நீலசந்திரா
8-11-1998

தம்பி நாகேஷுக்கு,

ஏழு வாரம் ஆயிற்று. தீபாவளியும் போயிற்று. கடிதம் இல்லை. போஸ்ட்மேன் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா எழுந்து நிற்கிறார். அவன் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று அவருக்குக் கவலை. வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. சார் தாளை இரண்டு தடவை மேஜையில் வைத்தார், இரண்டு தடவையும் பேனா இல்லை சார் என்றேன். மூன்றாம் தடவை பேனாவும் வைப்பார்.

வனஜாவுக்கு என் அன்பு.

எல்லம்மா


கொலம்பஸ்
25-11-1998

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நல்ல செய்தி ஒன்று, வனஜாவுக்கு மூன்று மாதம். மே மாதம் நீ அத்தை ஆகிறாய். அப்பாவிடம் சொல்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. என் வேலை வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. விசா அதோடு கட்டியிருக்கிறது. மார்ச்சில் முடிவு செய்வார்கள். இந்த நேரத்தில் நீ அங்கே ஆன்டிபாடி தப்பு என்று கிளப்பினால், என் பேப்பர், என் தீசிஸ், இந்த வேலை, மூன்றும் போகும். குழந்தை வரப்போகிற வீடு.

நீ மூன்று பிலிமைப் பார்த்துவிட்டு இவ்வளவு பேசுகிறாய். பழைய சீரம், கரண்ட் போய்ப் போய் வருகிற ஃப்ரீஸர், ஆயிரம் காரணம் இருக்கலாம். அதையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கத்தான் சார் இருக்கிறார், நாங்கள் இருக்கிறோம். நீ டெக்னீசியன் அக்கா. சொன்னதைச் செய்தாய், நன்றாகவே செய்தாய். அதற்கு மேல் ஏன் தலையில் ஏற்றிக்கொள்கிறாய்?

கையெழுத்துப் போட்டுவிடு. உனக்குப் பர்மனென்ட், எனக்கு விசா. யாருக்கும் நஷ்டமில்லை.

அப்பாவுக்கு நமஸ்காரம்.

நாகேஷ்


நீலசந்திரா
13-12-1998

அன்புத் தம்பிக்கும் வனஜாவுக்கும்,

குழந்தைச் செய்தி கேட்டு அப்பா தெரு முழுக்கச் சொல்லி வந்தார். புத்தர் படத்துக்குப் புது மாலை வாங்கிப் போட்டார். வனஜா, நன்றாகச் சாப்பிடு. புளி நான் அனுப்புகிறேன்.

இனி நாகேஷுக்கு மட்டும்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தபோது ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். எந்த வரி என்று உனக்குத் தெரியும். நான் டெக்னீசியன்தான், மறுக்கவில்லை. அந்த லேபில் ஆறு வருடம் நீ என்னை மற்றவர்கள் முன்னால் எல்லம்மா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். கழுவிய கையுறையைக் காயப்போடுகிறவள் உன் அக்கா என்று யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தாய். சின்னப் பையன், போகட்டும் என்று விட்டேன். உன் தீசிஸின் நன்றிப் பக்கத்தில் ஓஸ்வால்டும் நானும் சேர்ந்து 'விலங்குக்கூடத்து ஊழியர்கள்' ஆனோம். அதையும் விட்டேன். இதை விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை சார் கூப்பிட்டார். மேஜையில் தகவல் தாள், பக்கத்தில் பேனா. கம்பெனி ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லம்மா, யூ ஆர் வெரி சின்சியர். ஆனா இது உன் டிபார்ட்மென்ட் இல்லம்மா."

"முயல் என் டிபார்ட்மென்ட்தான் சார்."

"அந்த பழைய சீரம் கெட்டுப் போயிருக்கும்மா."

"கெட்டுப்போனா இருக்கற கோடு மங்கும் சார். இல்லாத கோட்டை எங்கருந்து கொண்டாரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலை இறக்கி, "உன் தம்பி லைஃபையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பேனாவை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. தயாரித்தவர், சோதித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில், 'ஊசி போடுவதற்கு முன் எடுத்த ரத்தமும் இதே கோட்டைக் காட்டுகிறது, மூன்று முறை சோதித்தேன்' என்று எழுதித் தேதி போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான் எழுதினேன், புரிந்துகொள்ள அது போதும்.

சார் தாளை எடுத்துப் படித்தார். நாலாகக் கிழித்தார். "எண்பத்தொன்பது நாள் எப்ப முடியுது உனக்கு?" என்று கேட்டார். ஃபெப்ரவரி அஞ்சாம் தேதி சார் என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என் பக்கம் இருப்பார் என்று நினைத்தேன். "போட்டுட்டு வர்றதுதானே? உன் பேரைத்தானே கேட்டாங்க, தலையையா கேட்டாங்க?" என்றார். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பரவாயில்லை. யாரும் பேசாவிட்டாலும் எனக்குப் பசிக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு உன் இரண்டு பக்கக் கடிதத்தில் பதில் இல்லை. கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

எல்லம்மா


கொலம்பஸ்
10-1-1999

அன்புள்ள அண்ணியாருக்கு,

வனஜா வணக்கம் சொல்லி எழுதுவது. மாமாவின் உடல்நலம் எப்படி? எனக்கு மசக்கை குறைந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய புளி வந்து சேர்ந்தது. பிரித்ததும் வீடே நம் வீடு மாதிரி மணத்தது, கொஞ்சம் அழுதுவிட்டேன்.

இவரிடம் சொல்லாமல் எழுதுகிறேன். உங்கள் டிசம்பர் கடிதத்தை இவர் எனக்குக் காட்டவில்லை. முதல் பாராவை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். தினமும் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்க்கிறார். கேட்டால் குளிர் என்கிறார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது அண்ணி. என்னையும் குழந்தையையும் காரணமாக வைத்து இவர் உங்களிடம் எதையாவது கேட்டிருந்தால், நான் அதைக் கேட்கவில்லை என்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெங்களூர் திரும்பி வந்தாலும் எனக்குச் சரிதான். அங்கே புளி கிடைக்கும்.

இப்படிக்கு,
வனஜா


நீலசந்திரா
5-2-1999

அன்புத் தம்பிக்கு,

சுகம். அப்பா மறுபடி பேசுகிறார். வனஜாவுக்கு ஆறாவது மாதம், கனமானது எதையும் தூக்க விடாதே.

இன்றோடு என் எண்பத்தொன்பது நாள் முடிந்தது. புது ஆர்டர் இல்லை. அலமாரியைக் காலி செய்தேன். என் டிபன் டப்பா, ஒரு ஸ்வெட்டர், பதினோரு வருட நோட்டுகளில் என் கையெழுத்தில் இருந்தவற்றின் ஜெராக்ஸ். நோட்டுகளை அங்கேயே வைத்துவிட்டேன், அவை லேபின் சொத்து.

சைபர் ரத்தத்தைக் கொட்டச் சொன்னார் அல்லவா, அதை மட்டும் கொட்டவில்லை. நம் ஆன்டிபாடி இதுவரை யார் யாருக்குப் போயிற்று என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். கட்டி அனுப்பியவளே நான்தானே. புனே, ஹைதராபாத், லக்னோ, மதுரை என்று பதினான்கு லேப். பதினான்கு சின்னக் குழாயில் பங்கு பிரித்தேன். கெடாமலிருக்க மருந்து ஒரு துளி சேர்த்து, பஞ்சில் சுற்றி, ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வைத்தேன். 'உங்களிடம் இருக்கும் ஆன்டிபாடி தந்த அதே முயலின் ரத்தம், ஊசி போடுவதற்கு முன் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ந. எல்லம்மா, நீலசந்திரா.' அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

ஓஸ்வால்ட் அண்ணன் தன் ஸ்கூட்டரில் தபாலாபீஸுக்குக் கூட்டிப் போனார். "எல்லு, ஏழாம் நம்பர் செத்து ரெண்டு வருஷமாச்சு. இப்பதான் ஊர் சுத்தப் போவுது" என்றார். கவுன்டரில் இருந்தவர் கன்னடத்தில் என்னம்மா இது என்று கேட்டார். ரத்தம் சார் என்றேன். அவர் முத்திரையை மெதுவாகக் குத்தினார்.

பதினைந்தாவது குழாய் இந்தக் கடிதத்தோடு வரும் சின்ன டப்பாவில் இருக்கிறது. உன் பாஸ் பெயருக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பெயருக்கே அனுப்புகிறேன். என்ன செய்வது என்று நீ பார்த்துக்கொள்.

அக்கா,
எல்லம்மா


கொலம்பஸ்
14-3-1999

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அப்பா எப்படி இருக்கிறார்?

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். செய்தேன்.

1995 ஏப்ரலில் சார் டெல்லி மாநாட்டுக்குப் போவதற்கு முந்தின வாரம். எல்லாப் படமும் தயார், இது ஒன்றுதான் பாக்கி. உன் அடித்தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் செய்தேன். கோடு விழுந்தது. குழாயில் பெயர் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பெயரை மாற்றி ஒட்டுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். பிலிமைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குழாயை மூடி வைத்தேன். சாரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை, நீ கேட்கும்வரை.

உன் டப்பா வந்து ஒரு வாரம் வரை பிரிக்கவில்லை. பிறகு செய்தேன், அதே கோடு. அது நம் புரதம் இல்லையென்றால் என்னதான் அது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. என் கையுறையைக் கழற்றி, வெறும் விரலைக் கொஞ்சம் மருந்துநீரில் தேய்த்து, அந்த நீரை மட்டும் ஜெல்லில் விட்டேன். சதை எதுவும் போடவில்லை. அதே இடத்தில் கோடு விழுந்தது, அக்கா. அது கெரட்டின், தோலில் இருக்கும் புரதம். பல முயல்களின் ரத்தம் ஊசி எதுவும் போடாமலேயே அதை அடையாளம் காணுமாம். வாய்க்கட்டியும் தோல் வகைதான், அதனால் அதில் நிறைய இருந்தது. நல்ல சதை என்று நான் ஒப்பிட்டது கட்டிக்கு அடியில் இருந்த தசை, அதில் இல்லை. பன்னிரண்டு விரல் என்று நான் பட்டம் வாங்கியதை என் ஒரு விரல் காட்டிவிட்டது.

பிலிமைக் கொண்டுபோய் பாஸிடம் காட்டினேன். 1995 பிலிமைப் பற்றியும் சொன்னேன். மூன்றாம் நாள், பேப்பர் வந்த பத்திரிகைக்குத் திருத்தத்தை நீயே எழுது என்றார். வேலை ஜூன் வரை இருக்கிறது, அதற்கப்புறம் இல்லை. வனஜாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் முதலில் கேட்டது, அண்ணிக்கு எழுதினீங்களா என்று.

நீ டெக்னீசியன் என்று எழுதினேன். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. லேபில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் நீ மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை.

முதல் பேப்பரில் உன் பெயர் இல்லை. திருத்தத்தில் போட வேண்டும், சோதித்தது நீ. சாருக்கு எழுதினேன், பதில் இல்லை. உன் கையெழுத்து வேண்டும். நீ சம்மதிப்பாயா?

நாகேஷ்


நீலசந்திரா
4-4-1999

அன்புத் தம்பி நாகேஷுக்கும் வனஜாவுக்கும்,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்தேன். நான் அப்போது தாண்டிய வரியையும் எடுத்து வந்து சேர்த்து வாசித்தேன். அப்பா உன்னைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார், பிறகு குழந்தை பெங்களூரில் பிறக்குமா என்று கேட்டார். மே மாதம் பறக்கக் கூடாது, ஜூலையில் வருவார்கள் என்று சொன்னேன். அறையை வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினான்கில் ஒன்பது பேர் எழுதிவிட்டார்கள். எட்டு பேருக்கு அதே கோடு. ஒருவருக்கு ஜெல் கிழிந்துவிட்டதாம், மறுபடி அனுப்பச் சொல்கிறார். எல்லாரும் உறையின் மேல் டாக்டர் எல்லம்மா என்று போட்டிருக்கிறார்கள். போஸ்ட்மேன் யாரம்மா அந்த டாக்டர் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரி இப்போது தலைவலி மாத்திரை கேட்டு வருகிறாள். மதுரைக்காரர் தன் பதிலின் நகலைக் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறார், அதைப் பார்த்ததும் கம்பெனி பாட்டிலை நிறுத்திவிட்டது. நான் ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதியிருந்தேன். 'நன்றி, நிறுத்திவிட்டோம்' என்று ஒரு கார்டு வந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சாரிடமிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இன்ஸ்டிட்யூட் பொருளை அனுமதியில்லாமல் வெளியே அனுப்பியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார். கொட்டச் சொன்ன பொருளைத்தான் அனுப்பினேன் என்று ஒரே வரியில் பதில் போட்டேன்.

ஆனேக்கலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்துவிட்டேன். ஓசூர் பஸ்ஸைப் பிடித்து, வழியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். முதல் நாளே அந்த ஓனரிடம், எண்பத்தொன்பது நாள் கதை இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியென்றால் என்ன என்று கேட்டார். நல்ல மனிதர்.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. ஐந்து குழாயில் ஒன்று குறைந்திருந்தது என்று எழுதினேனே, அந்தக் குழாயின் மூடியைச் சுற்றிய மெழுகு நாடா எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நான் வலப்பக்கம் சுற்றுவேன், அந்த லேபில் எல்லாரும் அப்படித்தான். இடக்கைக்காரன் ஒருத்தன்தான் இருந்தான். செப்டம்பரில் ஃப்ரீஸரைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். சாரிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ செய்தாயா என்று கேட்டேனே தவிர, செய்தாய் என்று சொல்லவில்லை. அதை நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். அந்த ஆறு மாதம் எனக்கு வேலை போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லிவிட்டாய். இனி அதைப் பற்றி நான் பேசமாட்டேன்.

திருத்தத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் என் பெயர் முதல் தடவையாக அச்சில் வருகிறது, அதுவும் தப்பு என்று சொல்கிற காகிதத்தில். எனக்கு அது போதும். முழுப் பெயராகப் போடு, சுருக்காதே. நீ அனுப்பிய தாளில் உன் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் அடித்திருக்கிறாய். அதை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறேன். முயலை வளர்த்தது நான், ரத்தம் எடுத்தது நான், சோதித்தது நான். என் பெயர் முதலில் வரும், உன்னுடையது அடுத்து.

இரண்டு பெயருக்கும் முன்னால் ஒரே இனிஷியல் இருப்பதைப் பார்த்து உன் பாஸோ பத்திரிகைக்காரரோ இது யார் என்று கேட்பார்கள். இந்தத் தடவை அக்கா என்று சொல்.

ந. எல்லம்மா